‘எழுந்துட்டேன்’ செல்லாது

அம்மா இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. சார்ஜ் இறங்கிக் கிடந்து முந்தின இரவுதான் உயிர் பெற்ற அம்மாவின் கைபேசி விடியற்காலையில் அடித்தது. மகள் எடுத்தாள்.

"என்னங்க இது, இத்தனை நாளா எழுப்பவே இல்லை?" ஓர் ஆண் குரல். தூக்கம் பாதி, கோபம் பாதி. "உங்களை நம்பித்தானே படுக்கிறேன்?"

மகள் அம்மாவின் வாடகை அறையில், கட்டிலின் விளிம்பில் எழுந்து உட்கார்ந்தாள். "யார் பேசறது?"

மறுமுனைக்கு அது தெரியாத குரல். "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

வெளிச்சம் வருவதற்குள் இன்னும் பல அழைப்புகள். வேறு வேறு எண்கள், பெரும்பாலும் ஆண்கள். ஒருவன் மேடம் என்றான். ஒருவன் அம்மா என்றான். இன்னொருவன் எடுத்த எடுப்பிலேயே, "என் வேலை போச்சுன்னா நீயா சோறு போடுவே, சேவல்?" என்று செல்லமாகக் கேட்டான். பதிலுக்கு வேறு குரல் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு மறைந்தான்.

மகளுக்கு மின்னணுச் சாதனங்கள் செய்யும் ஆலை ஒன்றில் வேலை. பழுதாகித் திரும்பி வரும் மின்சுற்றுப் பலகைகளைப் பிரித்து, எது கெட்டது, ஏன் கெட்டது என்று அறிக்கை தர வேண்டும். அந்த மேசையில் முதல் விதி: வந்த பலகையைத் துடைக்காதே. அழுக்குதான் சாட்சி.

அம்மாவின் கைபேசியையும் அவள் அப்படித்தான் கையிலெடுத்தாள். வந்த அழைப்புகளை விட்டுவிட்டு, போன அழைப்புகளைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் இருட்டு பிரியும் முன்னே ஆரம்பித்து, வரிசையாக, அம்மாவே அழைத்திருக்கிறாள். எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. பணி ஓய்வு பெற்ற ஒரு பெண், தனி அறையில் இருந்துகொண்டு, முகம் தெரியாத ஆண்களைத் தினமும் விடியலில் கூப்பிட்டிருக்கிறாள்.

யாரோ அம்மாவை ஏமாற்றியிருக்கிறார்கள். அல்லது, இதை நினைக்கவே வாய் கசந்தது, அம்மா யாரையோ ஏமாற்றியிருக்கிறாள். இரண்டில் எது என்று தெரியாமல் அந்த அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்ப அவளால் முடியாது.

அறையில் ஒளித்து வைக்க இடமே இல்லை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, துணி மாட்டும் கொடி. சன்னல் திட்டில் தகரத்தால் செய்த ஒரு சேவல். அதன் காலடியில் காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று. காதில் அழுத்தும் பஞ்சு கிழிந்து போய், அம்மா அதற்குப் பழைய புடவைத் துணியில் உறை தைத்திருந்தாள். அவ்வளவு தைத்துப் போட வேண்டிய அளவுக்கு அது உழைத்திருக்கிறது.

தகரச் சேவல் எங்கிருந்து வந்தது என்று மகளுக்குத் தெரியும்.

அம்மா பேருந்துப் பணிமனையில் எழுத்தர். எந்த வண்டிக்கு யார் ஓட்டுநர், யார் நடத்துநர் என்று முறை போடும் வேலை. முதல் வண்டிக்குப் போகிறவர்கள் அங்கேயே ஓய்வறையில் வரிசைக் கட்டில்களில் படுத்திருப்பார்கள். அவர்களை எழுப்ப ஒரு பணியாள் இருந்தார். அவரை எழுப்பத்தான் ஆள் இல்லை. அதனால் அந்த வேலையும் அம்மாவின் தலையில் விழுந்தது.

அம்மா யாரையும் தொட்டு எழுப்ப மாட்டாள். தலைமாட்டில் நின்று வண்டி எண்ணைச் சொல்வாள். படுத்திருப்பவர், "எழுந்துட்டேன்" என்பார். அதை அம்மா கணக்கில் சேர்க்க மாட்டாள்.

"எழுந்துட்டேன்னு சொல்றவன் எழுந்தவன் இல்லை. எழுந்தவன் வாயே திறக்க மாட்டான், நேரா குழாய்க்குப் போவான்." இது அம்மாவின் சித்தாந்தம்.

மேசைக்குத் திரும்பி வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவாள். சுவருக்கு அந்தப் பக்கம் கை கழுவும் தொட்டி, வரிசையாகக் குழாய்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் பெயருக்கு எதிரே கோடு போடுவாள். ஒவ்வொரு குழாயும் அவளுக்கு ஒவ்வொரு குரல். ஒருமுறை ஓர் ஓட்டுநர் சாமர்த்தியமாகத் தன் நடத்துநரை அனுப்பிக் குழாயைத் திறக்கவைத்தார். அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "தண்ணியத் திறந்தது கண்டக்டர். அவர்தான் கடைசிக் குழாய்க்குப் போவார். டிரைவர் இன்னும் போர்வைக்குள்ளதான் இருக்கார்."

முதுகுக்குப் பின்னால் அவளைச் சேவல் என்றார்கள். ஓய்வு பெற்ற அன்று முகத்துக்கு நேரே சொல்லி, பணிமனைத் தகரத்திலேயே ஒன்று வெட்டிக் கொடுத்தார்கள்.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். சம்பளம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. வேலை முடிந்து வந்தும் அம்மாவின் கை சும்மா இருந்ததில்லை. உறைகளுக்கு முகவரி எழுதுவாள், சட்டைகளுக்குப் பித்தான் தைப்பாள். "சம்பளம் வீட்டுக்கு, மேல்வரும்படி மனுஷிக்கு" என்பாள். அந்த மேல்வரும்படியை மனுஷி தனக்கென்று செலவழித்து யாரும் பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டுக்குப் போனாள். அங்கே கைபேசியும் இணையமும் கிடைத்தன. ஆன்லைனில் நைட்டி வாங்கி விற்கப் பார்த்தாள். வந்த மூட்டையில் பாதிக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யும் வேலை பார்த்தாள். சம்பளம் கேட்டபோது, பிழைகளுக்காக அவள்தான் அபராதம் தர வேண்டும் என்று பதில் வந்தது. எந்தச் சோப்பு பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று நாள் முழுக்கக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். ஒரு சோப்பு வில்லைகூட வரவில்லை. கடைசியாக வந்தது விடியோக்களுக்கு விருப்பக் குறி போடும் வேலை. முதல் வாரம் கொஞ்சம் பணம் வந்தது. அடுத்த படிக்குப் போக முன்பணம் கேட்டார்கள். கட்டினாள். அதோடு அந்த நிறுவனம் கிணற்றில் போட்ட கல்லானது.

அண்ணன் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். நட்ட ஈடு கேட்பவர்கள் சொல்வது உண்மையா என்று சோதிப்பவன். பொய் சொல்லாத மனிதரை அவன் தொழிலில் பார்த்ததில்லை. அம்மாவின் வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். மனைவிக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் முன்னால் கேட்டான்: "உலகத்துல எவனாவது சும்மா காசு தருவானா? இது தெரியாத வயசா உனக்கு? புத்தி மழுங்கிப்போச்சு."

அம்மா எழுந்து உள்ளே போனாள். ஒரு பெட்டியையும் தகரச் சேவலையும் எடுத்துக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் ரீசார்ஜ் கடை மாடியில் அறை பார்த்துக்கொண்டாள். அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்பினான். அன்றைக்கே திரும்பி வந்தது. இரண்டு ஆண்டுகள் இருவருக்கும் நடுவே பேச்சு இல்லை. வெளியூரில் விடுதியில் இருந்த மகள் வழியாகத்தான் செய்தி போகும். அவன் நல்லா இருக்கானா? மாத்திரை ஒழுங்கா போடறாளா? அவ்வளவுதான்.

இறுதிக் காரியத்தன்று அண்ணன் வந்து ஓரமாக நின்றான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னான்.

"அம்மா போனை ரீசெட் பண்ணிடு. இல்ல, என்கிட்ட குடு, நானே பண்றேன்."

அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. துடைக்கச் சொல்கிறவனுக்கு அழுக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

முதலில் கீழே இறங்கிக் கடைக்குப் போனாள். கடைக்காரரைத் தெருவே ரீசார்ஜ் என்றுதான் கூப்பிடும். யாருடைய கைபேசிக்கோ திரைக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அம்மா இங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"வாடகைக்கு இருந்தாங்க." அவர் நிமிரவில்லை.

"அது தெரியும்."

"வாடகை கரெக்டா குடுத்தாங்க."

"காலையில இத்தனை பேர் கூப்பிடறாங்க. உங்க கடை மூலமா சேர்ந்தேன்னு ஒருத்தர் சொல்றார்."

கண்ணாடிக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழி. அவர் அதை நகத்தால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். "அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

"யார்கிட்ட?"

"பெத்த பிள்ளைங்ககிட்ட."

"அம்மாவே போயிட்டாங்க. இனிமே யாருக்காக மூடி வைக்கிறீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தன் கைபேசியை நீட்டினார். ஓர் இணையப் பக்கம். மேலே தகரச் சேவலின் படம். அதன் கீழே அம்மாவின் நடை:

விடியலில் எழுப்பித் தரப்படும். அலாரத்தை அணைக்கலாம், என்னை அணைக்க முடியாது. ‘எழுந்துட்டேன்’ செல்லாது. தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும்.

மகள் இரண்டு முறை படித்தாள்.  பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"உங்களுக்கு இதுல என்ன?"

"பத்துல ஒண்ணு. பேஜ் போட்டது, காசு வந்துச்சான்னு பார்த்தது எல்லாம் நான்தானே."

"பத்துல ஒண்ணு மட்டும்தானா?"

"அப்படிப் பார்க்காதீங்கம்மா. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்."

"அப்புறம் ஏன் நகத்தால சுரண்டிக்கிட்டே இருக்கீங்க?"

"இந்தக் குமிழி போக மாட்டேங்குது."

அவர் கொஞ்ச நேரம் குமிழியோடு மல்லுக்கட்டினார். பிறகு தானாகவே பேசினார். "பேக்கரி ஆளுங்க, செக்யூரிட்டிங்க, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க, இவங்கதான் வந்தாங்க. எல்லாம் நல்ல மாதிரி. ஒருத்தன்தான் எனக்குப் பிடிக்கலை."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா பரவாயில்லையே. பேரு போடற இடத்துல ‘பயணி’ன்னு போட்டிருக்கான். போனை எடுப்பான், பேச மாட்டான். ஒரு வார்த்தை கிடையாது. ஆனா காசு மட்டும் மத்தவங்களை விட மூணு மடங்கு. கேட்காமலே வரும். எவனாவது சும்மா மூணு மடங்கு தருவானா? விட்டுடுங்கம்மா, ஊமைக் கோட்டான் சகவாசம் நமக்கு எதுக்குன்னு சொன்னேன். ‘அவன் குழாய் பேசுது, அது போதும்’னு சிரிச்சாங்க."

"அந்த ஆள் பேசலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். "எல்லாக் காலும் அதுல பதிவாகும்மா. நான்தான் செட் பண்ணேன். எழுப்பவே இல்லைன்னு ஒருத்தன் காசைத் திருப்பிக் கேட்டான், அதுக்கப்புறம். அம்மா ஒரு நாள் ரெண்டு நாள் போட்டுக் காட்டினாங்க."

மகள் மாடிக்கு வந்து கதவைச் சாத்தினாள். புடவைத் துணி உறை போட்ட கருவியைக் காதில் மாட்டினாள். பதிவுகளை எண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அம்மாவின் குரல். நேற்றுப் பேசியது போல. "விடிஞ்சாச்சு." பிறகு தூக்கக் கலக்கத்தில் யாரோ, "எழுந்துட்டேம்மா." "அதைக் கேட்கலை. குழாய்." கட்டில் முனகும். செருப்பு தேயும். வாளியில் தண்ணீர் விழும். "ம். வெக்கிறேன்." அவ்வளவுதான். நாள்தோறும், ஆள்தோறும், இதே. ஒருவன் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஊற்றிக் காட்டினான். "அது சொம்பு," என்றாள் அம்மா. "குழாய் இல்லை. எழுந்து போ."

தப்பு எதுவும் இல்லை. மகள் விரல்களால் கண்களை அழுத்திக்கொண்டாள். பிறகு ‘பயணி’யின் எண்ணைத் திறந்தாள்.

"விடிஞ்சாச்சு," என்றாள் அம்மா. பதில் இல்லை. மூச்சு கேட்டது. நடை கேட்டது. கதவு. குழாயில் முதலில் காற்று சீறியது. பிறகு சுவருக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல டக், டக், டக். அதன் பிறகே தண்ணீர். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சீறல், தட்டல், தண்ணீர்.

அந்த எண்ணைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அம்மா எழுப்பாமல் போனதற்கு மற்ற எல்லா வாடிக்கையாளர்களும் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். இவன் மட்டும் கூப்பிடவே இல்லை. பழுதான சாதனத்தை வைத்துக்கொண்டு புகார் தராத ஒருவன் இருந்தால், அவனுக்குக் காரணம் முன்பே தெரியும் என்று பொருள். அம்மா இறந்தது இவனுக்குத் தெரியும். யார் யாருக்குத் தெரியும்? தனக்கு. ரீசார்ஜுக்கு. அண்ணனுக்கு.

ரீசார்ஜ் தன் கையால் மூன்று மடங்கு தருகிற ஆள் இல்லை.

அண்ணன் என்றால் ஏன்? அவனுடைய தொழிலை நினைத்தாள். ஆளுக்குத் தெரியாமல் பின்தொடர்வது, வாய் திறக்காமல் சாட்சி சேர்ப்பது, பிறகு கோப்பினை மேசையில் போட்டு ‘இதோ பார்’ என்பது. புத்தி மழுங்கிப்போச்சு என்று ஊர் முன்னால் சொன்னவன் அவன். தெரியாத ஆண்களை விடியலில் கூப்பிடும் அம்மா. அதற்குப் பதிவு, அதற்குப் பணம். அம்மாவின் ஓய்வூதியக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

நினைத்துவிட்டு, கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்து, தேநீர் வைத்துக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து பேச்சுக்கு ஆள் கிடைத்த நிம்மதியில் பேசினாள். அண்ணன் அலுவலகத்திலிருந்து வந்தான். பையைக்கூட இறக்கவில்லை.

"போன் கொண்டு வந்தியா?"

"கொண்டு வந்தேன்."

"குடு."

"என்ன அவசரம்? முகத்தைக் கழுவிட்டு வா."

பழுதைத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பதும் அவள் தொழில்தான். அண்ணன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பையை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனான். கதவு. பிறகு காற்றுச் சீறல். பிறகு சுவருக்குள்ளிருந்து டக், டக், டக்.

மகள் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"அந்தச் சனியன் பிடிச்ச பைப்பு," என்றாள் அண்ணி. "அத்தை இங்க இருந்தப்பவே அப்படித்தான். மாத்துங்க, மாத்துங்கன்னு அத்தையும் சொன்னாங்க, நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். போன மாசம் நானே பிளம்பரைக் கூட்டிட்டு வந்தேன். வாசல்லேயே திருப்பி அனுப்பிட்டாரு மகராசன்."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"எதுக்குண்ணா அம்மாவை வேவு பார்த்தே?" என்றாள் மகள்.

"வேவா?"

"பயணின்னு பேர் போட்டு, வேற நம்பர்ல. மூச்சு விட்டுக்கிட்டு நிப்பே, வாய் திறக்க மாட்டே. என்ன சேர்த்துக்கிட்டிருந்தே? யாருக்குக் காட்ட?"

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். துண்டு கையிலேயே இருந்தது.

"நான் அனுப்பற காசையெல்லாம் அம்மா திருப்பி அனுப்பிட்டா," என்றான். "நெட்ல நம்ம தகரச் சேவல் படத்தைப் பார்த்ததும், செஞ்ச வேலைக்குக் கூலின்னா திருப்ப மாட்டாளேன்னு சேர்ந்தேன்."

"அப்போ போனை ஏன் அழிக்கச் சொன்னே?"

அவன் துண்டை மடித்தான். பிரித்தான். "அதுல எல்லாம் பதிவாகுதுன்னு அந்தப் பேஜ்ல கீழ எழுதியிருந்தது. தினமும் அம்மா கூப்பிட்டா. நான் ஒரு வார்த்தை பேசலை. அதை நீ கேட்க வேண்டாம்னு பார்த்தேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தொழிலில் பொய்யைக் கண்டுபிடிப்பவன். பொய் சொல்லவும் தெரிந்திருக்கும். பழுதுக்கான காரணம் கிடைத்தது போலத் தோன்றும்போதுதான் இன்னொரு சோதனை செய்ய வேண்டும். கைபேசியை எடுத்து மேசை மேல் வைத்தாள். கடைசிப் பதிவைப் போட்டாள். அதை அவளே முழுதாகக் கேட்டிருக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் வந்ததும் நிறுத்தியிருந்தாள்.

"விடிஞ்சாச்சு," என்றாள் அம்மா.

மூச்சு. நடை. சீறல். டக், டக், டக். தண்ணீர்.

"ம்," என்றாள் அம்மா. வைக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "எத்தனை தரம் சொல்றது? பைப்புல காத்து புடிச்சிருக்கு. மொட்டை மாடி வால்வை மாத்தினா சரியாயிடும். இன்னிக்கு உனக்கு லீவுதானே, ஆளைக் கூப்பிடு." கொஞ்சம் இடைவெளி. "நேரத்துக்குச் சாப்பிடு. வெக்கிறேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தைக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "ஆரம்பத்துலேர்ந்து தெரிஞ்சிருக்கு."

மகள் அண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்தில் அழுகை வந்தது. ஆச்சரியம் வரவில்லை.

"சொன்னாங்களே, அப்புறம் ஏங்க மாத்தலை?" என்றாள் அண்ணி. "வந்த பிளம்பரையும் எதுக்குத் துரத்தினீங்க?"

"மாத்திட்டா சத்தம் நின்னுடும்," என்றான் அண்ணன். "நின்னுட்டா, நான்தான்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

 குழாயைச் சரியாக மூடாமல் வந்திருந்தான். உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதை மூட எழுந்தாள்.

"இரு," என்றான் அவன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."